அடைப்புக்குறிக்கு முன்னால் நிற்கும் கழித்தல் குறி

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் 5(ப – 2) – 3(ப – 4) = 16 என்ற சமன்பாட்டுக்கு ப = 19 என்று விடை கண்டிருக்கிறாள்; புத்தகத்தின் விடைப் பகுதியில் 7 என்று உள்ளது. பங்கீட்டுப் பண்பு (வெளியே உள்ள எண்ணால் அடைப்புக்குறிக்குள் உள்ள ஒவ்வொன்றையும் பெருக்குவது) தனக்குத் தெரியும் என்கிறாள். தவறு எங்கே? (புத்தகத்தில் உள்ள ஆங்கில எழுத்துக்குப் பதிலாக ‘ப’ என்று எழுதியுள்ளேன்.)
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தங்கள் மகள் சொல்வது உண்மைதான், அந்தப் பண்பு அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் அடைப்புக்குறியை 5ப – 10 என்று சரியாகவே விரித்திருப்பாள். இரண்டாவதில் 3-ஐ மட்டும் உள்ளே கொண்டுசென்று, கழித்தல் குறியை வாசலிலேயே நிறுத்திவிட்டதால், – 3ப – 12 என்று வந்து, 2ப = 38 ஆகி, 19-இல் முடிந்திருக்கிறது. அங்கே பெருக்க வேண்டிய எண் 3 அன்று, –3.

குறையைக் குறையால் பெருக்கினால் மிகை என்று மனப்பாடம் செய்த குழந்தைகளும் இந்த இடத்தில் தடுமாறுவதால், பணக்கணக்காகச் சொல்லிப் பாருங்கள். கையில் 500 ரூபாயுடன் பண்ருட்டியில் 50 ரூபாய் விலையுள்ள முந்திரிப் பொட்டலம் மூன்று வாங்குகிறீர்கள். கடைக்காரர் பொட்டலத்துக்கு 4 ரூபாய் குறைத்துக்கொள்கிறார். மீதி 500 – 3(50 – 4). முதலில் 150 ரூபாயை எடுத்துக் கொடுத்தால், குறைத்த 12 ரூபாய் உங்கள் கைக்கே திரும்பி வருகிறது. ஆகவே 500 – 150 + 12, அதாவது 362. அந்த 12-ஐயும் கழித்து 338 என்று எழுதினால், விலையைக் குறைத்த பின்னும் முழு விலைக்கு மேல் வாங்கிக்கொண்டதாக ஆகிவிடும்.

இனி அவள் கணக்கு: 5ப – 10 – 3ப + 12 = 16; 2ப + 2 = 16; ப = 7.

விடைப் பகுதியைப் புரட்டும் முன், கண்ட விடையை முதல் வரியிலேயே இட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 19-ஐ இட்டால் 85 – 45 = 40, வலப்பக்கமோ 16; 7-ஐ இட்டால் 25 – 9 = 16. 1557-இல் சமக்குறியை அறிமுகப்படுத்திய ராபர்ட் ரெக்கார்டு, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்றே அதைத் தேர்ந்தார். அந்தச் சமம் நிற்கிறதா என்று பார்ப்பதும் கணக்கைச் சேர்ந்ததே என்பது என் உறுதியான கருத்து.

எப்போதும் விரித்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 3(ப + 4) = 27 என்றிருந்தால் இருபுறமும் 3-ஆல் வகுத்து, ப + 4 = 9, ப = 5 என்று முடித்துவிடலாம். ஆனால் 3(ப + 4) + 5 = 32 என்றிருந்தால், முதலில் இருபுறமும் 5-ஐக் கழித்துவிட்டுத்தான் வகுக்கச் சொல்ல வேண்டும்.