புல்தரைக்கு வசந்தத்தில் துளையிடுவது: வாசகர் கேள்விகள்

கேள்வி: வசந்தத்தில் புல்தரையில் துளை போடுவதால் உண்மையிலேயே பயன் உண்டா?

மண் இறுகியிருந்தால் நிச்சயம் உண்டு. ஆள் நடமாட்டத்தாலும், புல்வெட்டும் இயந்திரம் திரும்பத் திரும்ப ஓடுவதாலும் மண் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளி நசுங்கிவிடும். காற்றும் நீரும் தங்குவது அந்த இடைவெளியில்தான். அது போய்விட்டால் ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும். வேரும் மேல்மண்ணிலேயே படர்ந்து, வெயில் ஏறியதும் புல் வாடும். வசந்தத்தில் புல் வேகமாக வளர்வதால் துளைகள் சீக்கிரம் மூடிக்கொள்ளும், கோடைக்கு முன்பே வேர் ஆழம் பிடிக்கும்.

கேள்வி: மண் இறுகியிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஈரமண்ணில் நீளமான ஸ்க்ரூடிரைவரைக் கையால் குத்திப் பாருங்கள். 10 செ.மீ. சுலபமாக இறங்கினால் துளையிட வேண்டியதில்லை. பலம் கொடுத்தும் பாதியில் நின்றுவிட்டால் வேலை இருக்கிறது. காய்ந்த மண்ணில் சோதிக்காதீர்கள். நல்ல மண்கூட அப்போது கல் போலத்தான் இருக்கும். பெரும்பாலும் நடக்கும் தடமும் விளையாடும் இடமும்தான் இறுகியிருக்கும். அங்கே மட்டும் செய்தாலே போதும்.

கேள்வி: ஆணி பதித்த செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தால் போதாதா?

போதாது. ஆணி மண்ணை வெளியே எடுப்பதில்லை, பக்கவாட்டில் தள்ளுகிறது. களிமண்ணில் துளையின் சுவர் இன்னும் இறுகிப்போகும். உள்ளீடற்ற குழாய்ப் பற்கள் கொண்ட கருவிதான் மண்ணை உருளை உருளையாக வெளியே எடுக்கும். துளைகள் 5 முதல் 8 செ.மீ. ஆழமும், 1 முதல் 2 செ.மீ. அகலமும் இருக்கட்டும். ஒரே ஓட்டத்தில் துளைகள் போதிய நெருக்கமாக விழாது. நீளவாக்கில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை ஓட்டுங்கள்.

முந்தைய நாள் நன்றாகத் தண்ணீர் பாய்ச்சுங்கள். மறுநாள் மண் கையில் ஒட்டாமல் உதிர வேண்டும். சேறாக இருந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும், இயந்திரத்தின் எடையே மண்ணை மறுபடி அமுக்கிவிடும். தெளிப்பான் தலைகள், தரைக்கடியில் ஓடும் குழாய்கள், கம்பிகள் எங்கே என்று முதலிலேயே அடையாளக் கொடி நட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வசந்தத்தில் சரியாக எப்போது?

அது புல்லின் வகையைப் பொறுத்தது. அருகம்புல் போன்ற வெப்பப் பருவப் புல் முழுக்கப் பச்சை கட்டி வளரத் தொடங்கிய பிறகு, அதாவது வசந்தத்தின் கடைசியில் செய்யுங்கள். ஃபெஸ்க்யூ, ரை போன்ற குளிர்ப் பருவப் புல்லுக்கு வசந்தத் தொடக்கம் சரி. ஆனால் அதற்கு இலையுதிர் காலமே மேல் என்பது எங்கள் கருத்து. வசந்தத்தில் திறந்த மண்ணில் களை விதைகளும் முளைக்கும். களை முளைக்காமல் தடுக்கும் மருந்து போடுவதாக இருந்தால் துளையிட்ட பிறகு போடுங்கள்.

கேள்வி: மேலே கிடக்கும் மண் உருளைகளை வாரிவிடலாமா?

வேண்டாம். காய்ந்ததும் வாருகோலின் பின்பக்கத்தால் தட்டி உதிர்த்துவிடுங்கள். அதில் உள்ள நுண்ணுயிர்கள் புல்லடியில் சேர்ந்த சருகை மக்கவைக்கும். மேலே அரை செ.மீ. கனத்துக்குச் சலித்த மக்கு உரம் தூவி, துளைகளுக்குள் தள்ளிவிட்டால் இன்னும் நல்லது.

கேள்வி: போன மாதம் விதைத்த புல்லுக்கும் செய்யலாமா?

கூடாது. ஒரு வருடமாவது வேர் பிடிக்கட்டும்.