டீ கேட்டால் விலை மறக்கிறதே!

கேள்வி: ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். லாட் 14, 87 மூட்டை, குவிண்டால் 13,250 என்று காதில் வாங்கி நோட்டை எடுப்பதற்குள் யாராவது "ஏனுங்க, டீ சொல்லட்டுங்களா?" என்றால் அத்தனையும் போய்விடுகிறது. வயது 34. மறதி நோயா?
- வாசகர், பெருந்துறை

பதில்: நோய் இல்லைங்க, பயப்படாதீர்கள். கேட்டதைக் கொஞ்ச நேரம் ஏந்திப் பிடிப்பது செயல் நினைவு. பேட்லி, ஹிட்ச் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1974-ல் அதைப் பல பகுதிகளாகப் பிரித்துக் காட்டினார்கள். அதில் ஒலிக்கான பகுதி, உள்ளுக்குள் ஏறக்குறைய 2 வினாடியில் சொல்லி முடிக்கக்கூடிய அளவைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டும். ஓட்டம் நின்றால் அழிந்துவிடும். டீ பற்றிய பேச்சும் அதே இடத்துக்குள்தான் நுழைகிறது. நீங்கள் பதில் சொல்ல வாயெடுத்ததும் விலையை ஓட்ட ஆளில்லை. 1959-ல் நடந்த சோதனையில், மூன்றே எழுத்துகளைக் கேட்டவர்களை மும்மூன்றாகப் பின்னோக்கி எண்ண வைத்தார்கள். 18 வினாடியில் பெரும்பாலும் மறந்துபோனது.

உங்கள் மூன்று எண்களைத் தனித்தனி இலக்கமாகப் பிடித்தால் ஒன்பது. நமக்குத் தாங்குவதோ நாலைந்து கட்டுகள் (ஒன்றாகச் சேர்த்துப் பிடிப்பது ஒரு கட்டு). "பதிமூணே கால்" என்று பிடித்தால் விலை ஒரே கட்டு! லாட் எண்ணையும் மூட்டையையும் ஏலத்துக்கு முன்பே எழுதி வையுங்கள். விலை மட்டும் மிஞ்சும். யாராவது கூப்பிட்டால் கையைக் காட்டி நிறுத்தி, எழுதிவிட்டுப் பேசுங்கள். தூக்கம் குறைந்தாலும் இந்தப் பிடி தளரும்.

தெரிந்த வழியே குழம்பினால் மட்டும் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.