கிற்றாரில் கோர்டு மாற்றும்போது தாளம் நின்றுவிடுகிறது, என்ன பயிற்சி செய்யலாம்?

யாழ்ப்பாணத்தில் மூன்று மாதமாக வகுப்புக்குப் போயும் ஜி கோர்டிலிருந்து (கோர்டு என்பது சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் விரலமைப்பு) சி கோர்டுக்கு மாறுகையில் தடுமாறுவதாகக் கேட்டிருக்கிறீர்கள்.

விரல்களை ஒவ்வொன்றாகத் தேடி வைப்பதுதான் காரணம். வலக்கைக்கு ஓய்வு கொடுங்கள். சி கோர்டைப் பிடித்து, விரல்களைத் தந்தியிலிருந்து நூலளவு தூக்கி, வடிவம் கலையாமல் மறுபடி வையுங்கள். இருபது தடவை. பிறகு ஜி. அதன்பின் சீராகத் தட்டித் தாளம் காட்டும் கருவியான மெட்ரோநோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து, நான்கு தட்டுக்கு ஒருமுறை மாறுங்கள். தடுமாறினால் 50க்கு இறக்குங்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

விரல்நுனி, கிற்றார் கழுத்தில் குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பிக்குச் சற்றுப் பின்னால் (கிற்றாரின் தலைப் பக்கமாக), அதை ஒட்டினாற்போல் இருக்கட்டும். தள்ளி அழுத்தினால் தந்தி இரையும், விரலும் வீணாக நோகும்.

நம் ஊர் உப்புக்காற்றில் எஃகுத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள்.