ஆங்க்ரின் வயலின்: நூறு வயதான படத்தை அட்டையில் போடலாமா?

கேள்வி: பாரிஸில் வசிக்கிறேன். நண்பர்கள் சேர்ந்து நடத்தும் சிற்றிதழின் சர்ரியலிசச் சிறப்பிதழுக்கு, முதுகில் வயலின் துளைகளோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கும், மான் ரே எடுத்த புகைப்படத்தை அட்டையில் போட ஆசை. சென்னையில் 300 பிரதி அச்சாகும். அதில் 60 இங்கே லா ஷப்பல் கடைகளுக்கு வரும். படம் வெளியாகி நூறு வருடம் தாண்டிவிட்டதே, அனுமதி வாங்க வேண்டுமா? இது அப்படியென்ன பெரிய படம் என்று குழுவில் ஒருவர் கேட்கிறார். அவருக்கு என்ன சொல்ல?

பதில்: நண்பரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் இல்லாவிட்டால் அனுமதிக்கு அலைவதே வீண்.

படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, அந்த இரண்டு துளைகளையும் விரலால் மறைத்துப் பாருங்கள். தலைப்பாகை, ஒரு பக்கம் திரும்பிய முகம், காதணி, இடுப்புக்குக் கீழே சுற்றிய துணி. 19ஆம் நூற்றாண்டு ஓவியர் ஆங்க்ர் தீட்டிய குளிக்கும் பெண்ணின் சாயல் அப்படியே இருக்கும். நல்ல படம், ஆனால் பழைய படம். விரலை எடுத்ததும் உடம்பு வாத்தியமாகிவிடுகிறது. கைகள் முன்பக்கம் மடங்கி மறைந்திருப்பதை அப்போதுதான் கவனிப்போம். தோளிலிருந்து இடுப்புவரை ஓடும் கோடு வயலினின் உடலாகத் தெரிவது அந்தக் கைகள் கண்ணில் படாததால்தான். பாரிஸின் போம்பிதூ கலை மையத்தின் சேகரிப்பில் உள்ள பிரதியில் மான் ரே மையாலும் பென்சிலாலும் கைவேலை செய்திருக்கிறார். இரண்டே இரண்டு குறிகள் ஒரு படத்தின் பொருளை மாற்றிவிடுகின்றன. என் கண்ணுக்கு இதன் பெருமை அங்கேதான் இருக்கிறது. 2022 மே மாதம் கிறிஸ்டீஸ் ஏலத்தில் இதன் ஒரு பிரதி 1 கோடியே 24 லட்சம் டாலருக்குப் போனதைச் சொல்லி நண்பரை மடக்க வேண்டாம். விலை வேறு, தரம் வேறு.

நண்பருக்கு உறுத்தல் இருந்தால் அதிலும் நியாயம் உண்டு. ஆங்க்ர் ஓய்வு நேரத்தில் வயலின் வாசித்தவர். அதனால் ‘ஆங்க்ரின் வயலின்’ என்றால் பிரெஞ்சில் பொழுதுபோக்கு என்று பொருள். அந்தப் பெயரை மான் ரே ஒரு பெண்ணின் முதுகைக் காட்டும் இந்தப் படத்துக்குச் சூட்டியிருக்கிறார். அந்தப் பெண்ணின் பெயர் கீகி. 1927இல் தன் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தவர், 1929இல் தன் கதையைத் தானே எழுதியவர். இதழுக்குள் இதைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதுங்கள். வெறும் அலங்காரமாகப் போடுவதாக இருந்தால் வேண்டாம் என்பதே என் கருத்து.

இனி பதிப்புரிமை. படத்தின் வயதை மட்டும் வைத்து எல்லா நாட்டுக்கும் முடிவு சொல்ல முடியாது. பிரான்ஸில் எடுத்தவர் இறந்த ஆண்டிலிருந்து 70 ஆண்டு எண்ண வேண்டும். மான் ரே பாரிஸில் காலமானது 1976 நவம்பரில். ஆகவே 2046 டிசம்பர் 31வரை அங்கே உரிமை உயிரோடு இருக்கிறது. அமெரிக்காவில் வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு. ‘லித்தெரத்யூர்’ இதழில் 1924 ஜூனில் வெளிவந்த படம் என்பதால் 2020 ஜனவரி 1 முதல் அங்கே யாரும் பயன்படுத்தலாம். இணையத்தில் ‘இலவசம்’ என்று நீங்கள் பார்த்திருந்தால் அது அநேகமாக இந்த அமெரிக்கக் கணக்குதான்.

இந்தியாவில் 1957 சட்டப்படி புகைப்படத்துக்கு, வெளியீட்டுக்குப் பின் 50 ஆண்டு. அது 1974 முடிவோடு தீர்ந்துவிட்டது. 50 என்பது 60 ஆனது 1992இல்தான். எடுத்தவரின் ஆயுளோடு 60 ஆண்டு என்று மாறியது 2012இல். இதை வைத்து 2036வரை உரிமை உண்டு என்று யாராவது கணக்குச் சொல்லலாம். ஆனால் தீர்ந்துபோன உரிமைக்கு இந்தத் திருத்தங்கள் மறுபடி உயிர் கொடுக்கவில்லை என்றே நான் படிக்கிறேன். எனவே சென்னையில் அச்சிட்டு அங்கேயே விற்கும் 240 பிரதிகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

சிக்கல் அந்த 60 பிரதிகளில்தான். பாரிஸ் கடையில் விலைக்கு வைத்த கணமே பிரெஞ்சுச் சட்டம் வந்துவிடும். சின்ன இதழ், லாபம் இல்லை என்ற சமாதானம் அங்கே செல்லாது. மான் ரே படங்களின் உரிமையை பிரான்ஸில் கவனிப்பது ஏடிஏஜிபி என்ற கலைஞர்கள் சங்கம். எத்தனை பிரதி, அட்டையா உள்பக்கமா, எந்த அளவு, எந்தெந்த நாட்டில் விற்பனை என்று தெளிவாக எழுதி, அச்சுக்கு அனுப்புமுன் கட்டணம் கேளுங்கள். பிடிஎஃப் ஆக இணையத்திலும் போடுவதாக இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்றால் பாரிஸ் பிரதிகளுக்கு மட்டும் வேறு அட்டை போடுங்கள். படம் உள்பக்கத்தில் இருந்தாலும் இதே அனுமதி வேண்டும் என்பதால், அந்தப் பிரதிகளில் அதை உள்ளேயும் தவிர்க்க வேண்டியிருக்கும்.

அனுமதி கிடைத்தாலும் படத்தை வெட்டவோ நிறம் ஏற்றவோ வேண்டாம். படைப்பைச் சிதைக்காமல் காக்கும் உரிமைக்கு பிரான்ஸில் காலவரம்பே கிடையாது. இதழின் பெயரை அந்த முதுகின்மேல் அச்சிடாதீர்கள், மேலேயோ கீழேயோ வெள்ளை விட்டு அங்கே போடுங்கள். படக்குறிப்பில் மான் ரே, 1924 என்பதோடு கீகியின் பெயரையும் சேருங்கள். சட்டம் அதைக் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.