ஈரல் கிளினிக்கில் மிஸ்ஸைப் பார்த்தால் போதுமா?

மல்லாவிப் பக்கமிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "கணவருக்கு ஈரல் சுருக்கம். ஒவ்வொரு கிளினிக்குக்கும் அரை நாள் போகிறது. தாதி மிஸ்தான் நிறை நிறுத்து, கதை கேட்டு அனுப்புகிறா. டொக்டர் இரண்டு நிமிடம்கூடப் பார்ப்பதில்லை. இப்படிப் போய் வருவதில் பயன் இருக்கிறதா?"

நிச்சயம் இருக்கிறது. பிரித்தானியா, டென்மார்க் போன்ற நாடுகளில் ஈரல் நோய்க்கென்றே பயிற்சி பெற்ற தாதியர் தனியாகக் கிளினிக் நடத்துகிறார்கள். இந்த நோயில் ஆபத்து பெரும்பாலும் சின்ன மாற்றமாகத்தான் தொடங்கும். அதைப் பிடிக்க நிறுவையும் பொறுமையான கேள்விகளும் வேண்டும்.

வயிற்றில் தண்ணீர் சேர்வதை உடுப்பு இறுகுவதற்கு முன்பே நிறை காட்டிவிடும். வீட்டில் நிறுவை இருந்தால் தினமும் காலையில், சாப்பிட முன் நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள். ஒரு வாரத்தில் 2 கிலோ ஏறினால் அது பெரும்பாலும் சதை அல்ல, தண்ணீர். அடுத்த கிளினிக் திகதி வரை வைத்திருக்காமல் சொல்லுங்கள். உடம்பிலுள்ள தண்ணீரைச் சிறுநீராக வெளியேற்றும் தண்ணீர்க் குளிசை எடுப்பவருக்கு நிறை மளமளவென்று இறங்கினாலும் சொல்ல வேண்டும், சிறுநீரகம் பாதிக்கப்படும்.

அடுத்தது, லக்டுலோஸ் பாணி. அடிக்கடி வெளியே போக வைக்கிறது என்று வயலுக்குப் போகிறவர்கள் இதைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். அது வயிற்றைக் கழுவ மட்டும் கொடுப்பதல்ல. ஈரல் அகற்ற முடியாத நஞ்சு மூளைக்குப் போகாமல் தடுக்கிறது. நாளுக்கு 2, 3 தரம் இளக்கமாகப் போனால் அளவு சரி. பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிறாரா, பேச்சு தடுமாறுகிறதா? அதைக் கவனிக்கக்கூடியவர் நீங்கள்தான். மிஸ் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது நோக் குளிசை. இடுப்பு வலிக்கிறது என்று பாமசியில் வாங்கும் டைக்ளோபினாக், இபுபுரூபன் இரண்டும் இவருக்கு வேண்டாம். இரத்தம் கசியும், சிறுநீரகம் பழுதாகும். பனடோல் போடலாம், ஆனால் 500 மில்லிகிராம் குளிசை ஒரு நாளில் 4க்கு மேல் கூடாது. கைமருந்து, கஷாயம் உட்பட எடுக்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மிஸ்ஸிடம் காட்டுங்கள்.

சாப்பாட்டில் உப்பைக் குறையுங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் வேண்டாம். தேசிக்காய்ப் புளியும் மிளகும் ருசி தரும். ஆனால் பத்தியம் என்று மீனையும் முட்டையையும் நிறுத்தாதீர்கள். தசை கரைந்து போகும். குளத்து மீன், பயறு, முட்டை எல்லாம் நல்லது. படுக்க முன் பாலும் பாணும் போல ஏதாவது கட்டாயம் கொடுங்கள்.

மதுவைப் பற்றி மிஸ் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். இந்த நோய் குடியால் மட்டுமே வருவதல்ல. நீரிழிவும் கொழுப்பு ஈரலும் உள்ள, ஒரு சொட்டும் தொடாதவர்களுக்கும் வருகிறது. ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி மறைக்க வேண்டாம்.

டொக்டரிடம் கேட்கவும் ஒன்று உண்டு: "கடைசி ஸ்கான் எப்போது?" ஈரலில் புற்றுநோய் வந்தால் முன்கூட்டியே கண்டுபிடிக்க 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கான் வேண்டும். வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்க்கும் குழாய்ப் பரிசோதனை (எண்டோஸ்கோபி) தேவையா என்றும் கேளுங்கள்.

இரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம், காய்ச்சலோடு வயிற்று வலி, ஆளைத் தெரியாத குழப்பம், இவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக் நாளைப் பார்க்க வேண்டாம். உடனே 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். கிளினிக் கொப்பியையும் மருந்துப் பையையும் கையோடு எடுத்துப் போங்கள்.