அந்த "யார்?" எங்கே போனது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாசகர்கள் கேட்க, வாசகர்களே விடை சொல்லும் தளம் ஒன்றில் ஓராண்டாகப் பங்கேற்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்பு இப்போது புரியாத குறிகளாகத் தெரிகிறது, என்ன செய்வது என்று அண்மையில் ஒருவர் கேட்டிருந்தார். அந்தத் தொல்லையை நானும் பட்டிருக்கிறேன். எனவே கேள்விக்குக் கீழே பின்னூட்டமாக, "எனக்கும் இப்படி ஆனது. எழுத்துருச் சிக்கல்தான். எழுத்துரு மாற்றி மென்பொருள் ஒன்றில் போட்டு எடுத்தேன், சரியாகிவிட்டது" என்று எழுதினேன். நான்கு பேர் அதற்கு வாக்களித்திருந்தார்கள். மறுநாள் அதைக் காணவில்லை. தளத்தை ஒழுங்குபடுத்தும் மட்டறுத்துநரிடம் கேட்டால் "பின்னூட்டம் அதற்கான இடமல்ல" என்று ஒற்றை வரி. உதவ வந்தவனிடம் பேசும் பேச்சா இது? பேசுவதற்கு இல்லையென்றால் அந்தப் பெட்டி எதற்கு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மட்டறுத்துநர் செய்தது சரி. சொன்ன விதம் சரியில்லை. உங்கள் கோபத்தில் பாதி அந்த ஒற்றை வரியால் வந்தது என்று நினைக்கிறேன். அந்தப் பாதியில் நான் உங்கள் பக்கம்.

என் முதல் நூலுக்கு மெய்ப்புப் பார்த்தவர் அதிகம் பேசாத மனிதர். "இருவரும் உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் அவர் எழுந்து போனார்" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். அதன் ஓரத்தில் பென்சிலால் "யார்?" என்று மட்டும் குறித்திருந்தார். எனக்கு எரிச்சல். யார் என்று எனக்குத் தெரியாதா? ஒரு மணி நேரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, "அவர்" என்பதை அடித்து "மூத்தவர்" என்று மாற்றினேன். அச்சான நூலில் "மூத்தவர்" இருக்கிறார். "யார்?" இல்லை. தன் வேலையை முடித்துக்கொண்டு அது போய்விட்டது.

வினா விடைத் தளத்தின் பின்னூட்டமும் அப்படிப்பட்ட பென்சில் குறிதான். 2008இல் தொடங்கிய, நிரலாளர்களுக்கான வினா விடைத் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தன் உதவிப் பக்கத்தில் பின்னூட்டத்தைத் தற்காலிகமான ஒட்டுத்தாள் என்றே விளக்குகிறது. தெளிவு கேட்கலாம், பதிவை மேம்படுத்தும் விதமாகக் குறை சொல்லலாம், தொடர்புடைய சிறு தகவலைச் சேர்க்கலாம். அவ்வளவுதான். அதன் அமைப்பும் அதற்கேற்றபடியே இருக்கிறது. 600 எழுத்துகளுக்குள் முடிக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு திருத்த முடியாது. ஆதரித்து வாக்களிக்கலாம், எதிர்த்து வாக்களிக்க வழியில்லை. நீக்கிவிட்டால் போனது போனதுதான். நிலைத்து நிற்க வேண்டிய எதையும் இப்படிப்பட்ட இடத்தில் யாரும் வைக்கமாட்டார்கள்.

உங்கள் கேள்வி படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது நன்னூல். வினா ஆறு வகை என்கிறார் பவணந்தியார்: அறிவு, அறியாமை, ஐயுறல், கொளல், கொடை, ஏவல். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எந்தத் தளத்தின் பின்னூட்டங்களையும் பிரித்துவிடலாம். "கோப்பு எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது?" என்பது அறியாவினா. "தெரிவது ஆங்கில எழுத்துகளா, மேலே புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளா?" என்பது ஐயவினா. இது சும்மா கேட்கப்படுவதன்று. பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தது என்றால் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்து தெரியும். டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டு முறை என்றால் பெரும்பாலும் இரண்டாவது வகை. மாற்றியில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது இந்த ஒரு பதிலைப் பொறுத்தது. "கோப்பிலிருந்து ஒரு வரியை அப்படியே இங்கே ஒட்ட முடியுமா?" என்றால் கொளல்வினா, பெறுவதற்காகக் கேட்பது. "இதே கேள்விக்கு முன்பே வந்த விடையைப் பார்த்தீர்களா?" என்று இணைப்போடு கேட்டால் கொடைவினா. இந்த நான்கும் பின்னூட்டத்தில் இருக்க வேண்டியவை.

மிச்சம் இரண்டில்தான் வம்பு. விடை தெரிந்துகொண்டே எதிராளியைச் சோதிப்பது அறிவினா. "எழுத்துரு என்றால் என்னவென்றாவது தெரியுமா?" ஆசிரியர் மாணவனைக் கேட்கலாம், முகம் தெரியாதவரை நாம் கேட்கக் கூடாது. "தேடிப் பார்த்தீர்களா?" என்பது ஏவல்வினா. கேள்விக்குறி இருந்தாலும் அதன் பொருள் "போய்த் தேடு" என்பதுதான். இணைப்பைச் சேர்த்திருந்தால் கொடையாகியிருக்கும், அதற்குக்கூடக் கை வரவில்லை. இப்படிப்பட்டவற்றை விட்டுவைத்து உங்களுடையதை நீக்கியிருந்தார்கள் என்றால் எனக்கும் கோபம் வரும்.

இனி உங்களுடையதற்கு வருகிறேன். அதில் வினாவே இல்லை. நன்னூல் விடையை எட்டாகப் பிரிக்கிறது, அதில் ஒன்று உற்றது உரைத்தல். "இது செய்வாயா?" என்றால் "உடம்பு நொந்தது" என்று தனக்கு நேர்ந்ததைச் சொல்வது. "எனக்கும் இப்படி ஆனது, இப்படிச் சரியாகியது" என்பது அச்சு அசல் அதுவே. இலக்கணமே உங்கள் வரியை விடை என்கிறது. நீங்கள்தான் அதைப் பின்னூட்டம் என்கிறீர்கள்.

பெயரில் என்ன என்று கேட்பீர்கள். விடையாக இட்டிருந்தால் தவறு என்று நினைப்பவர் எதிர்த்து வாக்களித்திருப்பார். எந்த மாற்றி என்று இன்னொருவர் கேட்டிருப்பார், நீங்கள் சேர்த்திருப்பீர்கள். கேட்டவர் அதை ஏற்றிருந்தால் அடுத்து வருபவருக்கு வழி தெளிந்திருக்கும். பின்னூட்டத்தில் சொன்ன விடைக்கு இந்தச் சோதனை எதுவும் கிடையாது. சரியோ தவறோ, நான்கு வாக்கு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கேள்வி "விடையில்லை" என்ற பட்டியலிலேயே கிடக்கும். நன்றாகத் தெரிந்தவர்களே இதைச் செய்கிறார்கள், அதுதான் வருத்தம். முழு விடை எழுத நேரமில்லை, ஆனால் தெரியும் என்று காட்டவும் வேண்டும். நானும் செய்திருக்கிறேன்.

பயனுள்ள பின்னூட்டம் அழிந்தால் இழப்பு இல்லையா என்று கேட்கலாம். இழப்புதான். "இந்த வழி புதிய பதிப்பில் வேலை செய்யவில்லை" என்ற ஒரு வரி, மேலே உள்ள நீண்ட விடையைவிட மதிப்புள்ளதாக இருக்கும். அதனால்தான் அது விடைக்குள்ளேயே போய்ச் சேர வேண்டும். நம் உரையாசிரியர்கள் இதில் கெட்டிக்காரர்கள். கேட்பவன் எங்கே மறுத்துப் பேசுவான் என்று முன்கூட்டியே உணர்ந்து "அற்றேல்... எனின்" (அப்படியானால்... என்று கேட்டால்) என்று அவன் கேள்வியைத் தாமே எழுப்பி, விடையையும் அங்கேயே வைத்துவிடுவார்கள். விடை எழுதியவர் தளத்தை விட்டே போய்விட்டார் என்றால் நீங்களே அந்த விடையைத் திருத்தலாம், அல்லது புதிதாக ஒன்று எழுதலாம். உள்ளே சேர்ந்தபின் பின்னூட்டம் மறைவதில் எனக்கு வருத்தமில்லை. சேர்வதற்கு முன் நீக்குகிற மட்டறுத்துநர் அவசரக்காரர். உங்களிடம் "இதை விடையாக எழுதுங்கள்" என்று மூன்று சொல் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

"நன்றி" என்று எழுதும் பின்னூட்டத்தை என்ன செய்வது என்பதில் மட்டும் நான் விதிக்குப் பணிவதில்லை. வாக்களித்தால் போதும் என்கிறார்கள். நான் வாக்கும் அளித்து நன்றியும் எழுதுவேன். நீக்கினால் நீக்கிக்கொள்ளட்டும், அதற்குள் உரியவர் படித்திருப்பார்.

ஒன்று கேட்க மறந்தேன். எந்த மாற்றி என்று நீங்கள் உங்கள் கடிதத்திலும் சொல்லவில்லை. கோப்பு பாமினியா, டிஸ்கியா? என்னிடமும் 2001இல் தட்டச்சு செய்த ஒரு கட்டுரைக் கோப்பு திறக்காமல் கிடக்கிறது. எழுதுங்கள்.

அன்புடன்