ஒரு பிடியும் அரைப் பானையும்

வணக்கம் ஐயா,

புக்கிட் மெர்தாஜாமில் ஒரு தாமான் வீட்டில் இருக்கிறேன். என் கணவர் தவறி இரண்டு வருடம் ஆகிறது. முதல் ஆடி அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைத்தேன். மறுநாளும் அதே நேரத்துக்கு அது மதிலில் வந்து உட்கார்ந்தது. மனசு கேட்கவில்லை, வைத்தேன். அப்படியே தினமும் ஆகிவிட்டது. இப்போது மைனா, புறா, சிட்டு எல்லாம் வருகின்றன. ஆரம்பத்தில் ஒரு பிடிதான். இன்று இவற்றுக்கென்றே அரைப் பானை வடிக்கிறேன்.

பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியோடு இருபது வருடப் பழக்கம். போன மாதம் காரெல்லாம் எச்சம் என்றார். பிறகு வீட்டு முன் சாக்கடையில், அதுதான் லோங்காங்கில், எலி என்றார். இப்போது சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என் மகன் மான்செஸ்டரில் இருக்கிறான். அவனே அங்கே தோட்டத்தில் கூண்டு மாதிரி ஒன்றைத் தொங்கவிட்டுக் குருவிகளுக்கு விதை போடுகிறான், படம் எடுத்து அனுப்புகிறான். நான் போட்டால் மட்டும் "நிறுத்துங்கம்மா" என்கிறான்.

காலையில் ஒரு ரொட்டித் துண்டும் கோப்பியும் போதும் என்று எழுந்து போகிற மனுஷன் அவர். போன பிறகாவது வயிறார சாப்பிடட்டும் என்று நினைத்தது தப்பா? நிறுத்தினால் பாவமா?

இன்னொன்று. பின்கட்டில் துணி காயப்போடும் கம்பியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டுகிறது. அதற்குச் சீனித் தண்ணீர் வைக்கலாமா?

ம.

அன்புள்ள சகோதரி,

தேன்சிட்டுக்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் கேள்விகளில் அதுதான் சுலபமானது.

என் பாட்டி சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு கித்தா, அதாவது ரப்பர், தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர். அமாவாசை அன்று வாழையிலைக் கிழிசலில் ஒரு பிடி சோற்றை வைத்துவிட்டு, வாசலில் நின்று கா கா என்று கூப்பிடுவார். அந்தத் தோட்டத்தில் நான் காக்கையைப் பார்த்ததாகவே நினைவில்லை. ஓடி வருவது கோழி. பேரப் பிள்ளைகள் நாங்கள் சிரிப்போம். பாட்டி அசர மாட்டார். "எதுல வந்தா என்ன, வந்துட்டாரு" என்று தாத்தாவைச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

அந்தத் தோட்டத்தில் காக்கை ஏன் இல்லை என்பது பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. உங்கள் மதிலுக்கு வருகிற, கழுத்து மட்டும் சாம்பல் பூத்த அந்த ஊர்க்காக்கை இந்த மண்ணுக்குரிய பறவையே இல்லை. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டது. அப்போது சிலாங்கூரில் கித்தாவுக்கு முன்னால் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. கோப்பிச் செடியைக் கம்பளிப்புழு மொட்டையடித்தது. புழுவைத் தின்ன ஆள் வேண்டுமென்று வெள்ளைக்காரன் காக்கையை இறக்கினான். கொஞ்ச காலத்தில் கோப்பி விலை விழுந்தது, தோட்டங்கள் கித்தாவுக்கு மாறின, காக்கைக்கு வேலை போயிற்று. அது பட்டணத்துக்குப் போய்க் குப்பைத் தொட்டியில் பிழைக்கக் கற்றுக்கொண்டது. தோட்ட வேலைக்கென்று கடல் கடந்து வந்து, வேலை போனதும் பட்டணத்துக்கு ஒதுங்கிய கூட்டம் அது ஒன்றுதானா என்று நான் கேட்கப் போவதில்லை. பிறகு கிள்ளானில் அதே காக்கையைத் துப்பாக்கிக்காரர்களை வைத்துச் சுட்டதும் நடந்தது. நீங்களும் நாளிதழில் படம் பார்த்திருப்பீர்கள்.

காக்கையோடு குயிலும் இங்கே பெருகியது. குயில் தன் முட்டையைக் காக்கைக் கூட்டில் இடும். வடக்கிலிருந்து பருவத்துக்கு மட்டும் வந்து போய்க்கொண்டிருந்த குயில், காக்கைக் கூடு கிடைத்ததும் இங்கேயே தங்கிவிட்டது. விடியற்காலை நாலரை மணிக்கு உங்களை எழுப்புகிறதே, அதன் வளர்ப்புத்தாயை அடுத்த தடவை திட்டும்போது இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அரைப் பானைக்கு வருவோம்.

மகன் செய்வதும் நீங்கள் செய்வதும் பார்க்க ஒன்றுபோல இருக்கின்றன. மான்செஸ்டரில் டிசம்பர் மாதப் பகல் ஏழரை மணி நேரம்தான். பத்துப் பதினொரு கிராம் எடையுள்ள ஒரு சின்னக் குருவி அந்த ஏழரை மணி நேரத்துக்குள் தின்று கொழுப்புச் சேர்த்து, உறைகிற பதினாறு மணி நேர இரவை அதைக் கொண்டே தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் காலையில் எழாது. அங்கே ஒரு கைப்பிடி விதை உயிர் காக்கிறது என்று சொல்லலாம். பினாங்கில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். பூவும் பழமும் புழுவும் இல்லாத மாதம் கிடையாது. வடக்குக் குளிருக்குத் தப்பித்தான் செப்டம்பர் வாக்கில் தகைவிலான்கள் வந்து நம் மின்கம்பிகளில் வரிசையாக உட்காருகின்றன. சாப்பாடு தேடி ஊர் ஊராகப் பறவைகள் வந்து சேருகிற இடத்தில் நாம் அன்னதானம் போடுகிறோம்.

மகனிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: கூண்டை வாரா வாரம் கழுவுகிறானா? இங்கிலாந்தில் கிரீன்ஃபிஞ்ச் என்றொரு பச்சைக் குருவி. 2005 முதல் ஓர் ஒட்டுண்ணி நோய் அதன் தொண்டையை அடைத்துக் கொன்றது. எச்சில்பட்ட இரையும் தண்ணீரும் வழியாகப் பரவுகிற நோய். நல்ல மனதோடு வைத்த இரைத்தட்டுகளே குருவிகளை ஒன்றாகக் கூட்டி நோயைக் கைமாற்றின. பாதிக்கு மேல் குறைந்துபோய், 2021இல் ஆபத்தில் இருக்கிற பறவைகளுக்கான அந்த நாட்டின் சிவப்புப் பட்டியலில் ஏறியது. உங்களை நிறுத்தச் சொல்கிற பிள்ளைக்கு இந்தச் செய்தியை அனுப்பிவையுங்கள். தாய்க்கு அந்த உரிமை உண்டு.

உங்கள் மதிலில் கூட்டம் ஏன் இப்படிப் பெருகியது என்பதற்கும் காரணம் இருக்கிறது. பெரும்பாலான குருவிகள், தானியம் தின்கிற சிட்டு உட்பட, குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் ஊட்டும். சோற்றில் குஞ்சு வளராது. புறா இதற்கு விதிவிலக்கு. ஆண், பெண் இரண்டுக்கும் தொண்டைப் பையில் பால் போன்ற ஒன்று சுரக்கும், குஞ்சு அதைக் குடித்து வளரும். தாய்க்கும் தகப்பனுக்கும் சோறு கிடைத்தால் போதும், வருடம் பூராவும் முட்டை வைக்கலாம். ஆகவே நீங்கள் எவ்வளவு சோறு போட்டாலும் முராய் என்று நாம் சொல்கிற குண்டுக்கரிச்சான் ஒன்றுகூடப் பெருகாது. மாடப்புறா பெருகும். எதையும் தின்கிற மைனாவும் காக்கையும் பெருகும். இருட்டியதும் மிச்சத்துக்கு எலி வரும். ஆன்ட்டி சொன்ன எலி கற்பனை இல்லை. எலி மூத்திரத்தால் வருகிற காய்ச்சல் எப்படிப்பட்டது என்று நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த புறா எச்சத்தின் தூசியில் நுரையீரலைப் பிடிக்கிற பூஞ்சையும் இருக்கும். உடம்பு பலவீனமான வயதானவர்களுக்கு அது ஆகாது. ஆன்ட்டிக்கு என்ன வயது?

நான் யோக்கியன் என்று நினைத்துவிட வேண்டாம். ஆயர் ஈத்தாமில் என் வீட்டு மாமரத்தடியில் பறவைகளுக்கென்று ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்திருந்தேன். சின்னான்கள் குளிக்கிற அழகைப் பார்த்துக்கொண்டே கோப்பி குடிப்பேன். ஒரு தடவை கோலாலம்பூரில் மகள் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் தங்கிவிட்டேன். திரும்பி வந்தால் சுகாதார அதிகாரிகள் தாமானில் வீடு வீடாகச் சோதனை. சட்டியில் கொசுப்புழு நெளிந்தது. 1975ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, ஐந்நூறு ரிங்கிட் கட்டினேன். ஏடிஸ் முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். நான் சரியாக அந்தப் பத்து நாளைக் கொடுத்திருந்தேன். இப்போதும் தண்ணீர் வைக்கிறேன், வெயிலில் அவற்றுக்கு அதுதான் உண்மையான உதவி. ஆனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டி, பிரஷ் போட்டுத் தேய்த்து மாற்றுகிறேன். வெறுமனே கொட்டினால் போதாது. முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்கு மேலே சட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது.

பாவமா என்று கேட்டீர்கள். காக்கை உருவில் முன்னோர் வருகிறாரா என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் என் அம்மாவின் திதிக்கு நான் ஒரு பிடி வைக்கிறேன், அது வந்து எடுக்கும்வரை சாப்பிட மாட்டேன். அதனால் உங்களைப் படையலை விடச் சொல்ல எனக்கு வாய் வராது. பானையைத்தான் விடச் சொல்கிறேன். ஒரு ரொட்டித் துண்டோடு எழுந்து போகிறவர் அரைப் பானைச் சோற்றைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்குத்தான் தெரியும். அவருக்கு ஒரு பிடி போதும். மீதி மைனாவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், மற்ற பறவைகள் வேறு இடம் பார்த்துக்கொள்ளும். பிறகு ஒரு பிடி வெறும் சோறு, உப்பும் குழம்பும் இல்லாமல், ஒரு தட்டில். காக்கை எடுத்ததும் தட்டை உள்ளே கொண்டுபோய்க் கழுவிவிடுங்கள். மதிலிலோ லோங்காங் ஓரத்திலோ கொட்டாதீர்கள். வீட்டுக்கு வெளியே அப்படிப் போடுவது குற்றமும்கூட. தினமுமா, அமாவாசைக்கு மட்டுமா என்பது உங்கள் விருப்பம். அமாவாசைக்கு மட்டும் என்றால் காக்கை உங்களை மறந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2006இல் ஒரு முகமூடியைப் போட்டுக்கொண்டு சில காக்கைகளைப் பிடித்துவிட்டார்கள். பல வருடம் கழித்தும் அந்த முகமூடியைக் கண்டால் காக்கைகள் கத்தின. அது வேறு இனம்தான். ஆனாலும் கெட்டதை அத்தனை காலம் நினைவில் வைக்கிற சாதி, இரண்டு வருடம் சோறு போட்டவரை ஒரு மாதத்தில் மறக்காது.

பறவைகளுக்கு வேறு ஏதாவது செய்ய வேண்டும் என்றால், உங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கும். கடிதத்தில் சொல்லவில்லை, ஆனால் கறிவேப்பிலை இல்லாத தமிழ் வீட்டை நான் இந்த நாட்டில் பார்த்ததில்லை. பூவைக் கிள்ளிப் போடுவதுதான் நம் வழக்கம், தழை நன்றாக வரட்டும் என்று. ஒரு கிளையை மட்டும் விட்டுவையுங்கள். பூத்துக் காய்த்துக் கறுத்ததும் சின்னானும் குயிலும் தேடி வரும். இலையைத் தின்கிற பச்சைப் புழுவுக்கு மருந்து அடிக்காதீர்கள். அது பட்டாம்பூச்சிப் புழு, கரிச்சான் தன் குஞ்சுக்குக் கொண்டுபோகிற சாப்பாடு. சாம்பாருக்குக் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. இடம் இருந்தால் இட்லிப்பூவும் செம்பருத்தியும் தொட்டியில் வைக்கலாம். செரி மரத்தை மட்டும் தாமான் வீட்டில் நட்டுவிடாதீர்கள். பறவைகளுக்கு அதைப்போல் ஒரு மரம் இல்லை, ஆனால் பழம் முழுக்க ஆன்ட்டி காரின் மேல்தான் விழும்.

அந்த ஆன்ட்டி விஷயம்தான் எனக்கு உறுத்தியது. நீங்கள் ஏன் சோறு வைக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியுமா? சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. அவர் பார்வையில், இருபது வருடம் சும்மா இருந்த பக்கத்து வீட்டுக்காரர் திடீரென்று புறா வளர்க்க ஆரம்பித்திருக்கிறார், அவ்வளவுதான். உங்கள் ஊர்ச் சந்தையில், அந்தப் பாசாரில், சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் இரண்டு மாடி உயரத்துக்கு, ஆவிகளை அடக்கியாளும் தெய்வமான தாய் சு யாவின் காகித உருவத்தை நிறுத்தி, பசித்த ஆவிகளுக்கு வரிசையாகப் படையல் வைக்கிறார்களே, அங்கே அவரும் ஊதுவத்தி கொளுத்தியிருப்பார். நம் ஆடி அமாவாசையும் அவர்கள் ஏழாம் மாதப் பிறப்பும் பல வருடங்களில் ஒட்டியே வருகின்றன. 2024இல் இரண்டும் ஆகஸ்ட் 4 அன்றே. இறந்தவருக்குச் சோறு வைப்பது என்றால் என்னவென்று அவருக்கு நீங்கள் விளக்கத் தேவையிருக்காது. ஒரு கட்டுக் கறிவேப்பிலையோடு போய், "இது அவருக்காக வைத்தது, கொஞ்சம் கூடிப்போய்விட்டது" என்று மட்டும் சொல்லுங்கள். காரைக் கழுவித் தருகிறேன் என்றும் சொல்லலாம், கழுவ விடமாட்டார்.

தேன்சிட்டுக்குச் சீனித் தண்ணீர் வேண்டாம். வெயிலில் புளித்துப்போகும், எறும்பு ஏறிக் கூட்டுக்கே வந்துவிடும். குஞ்சுக்குத் தேவை சிலந்தியும் சின்னப் பூச்சிகளும். அதைத் தாயும் தகப்பனும் பார்த்துக்கொள்ளும். சிலந்தி வலையை நூலாக்கித்தான் அந்தக் கூட்டையே பிணைக்கிறது. ஆகவே பின்கட்டில் ஒட்டடை அடிப்பதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். முட்டை வைத்து, குஞ்சு பறக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அதுவரை அந்தக் கம்பியில் துணி போட முடியாது. ஆன்ட்டி வீட்டுக் கம்பியில் இடம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.